மலைமகள் விண்ணேறுவாளா?

ஜவ்வாது மலையின்மேல் காவலூர் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1960-களின் பிற்பகுதி முதல் வானசாஸ்திர ஆராய்ச்சிக் கூடமொன்று நடைபெற்று வருகிறது. 1986-ல் அங்கு நிறுவப்பெற்ற பெருந் தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலமுடையது. நம் நாட்டில் திட்டமிட்டு நம்மவர் கையாலேயே செய்யப்பட்டது. அதற்கு வித்திட்ட வைணு பாப்பு என்ற பேரறிஞர் அது முற்றுப்பெறுவதற்கு முன்பே, 1982-ல், காலஞ்சென்றார். அவர் பெயரையே அக்கூடம் இன்று தாங்கி நிற்கிறது. 1988-ல் இம்மலையிலிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு நமது கணித மேதை இராமானுஜனின் பெயர் இடப்பட்டது. விண்ணை ஆராய்வதற்கு உகந்த இடம் என்று உலகறிந்த விஞ்ஞானிகள் தேர்ந்த மலை இது.

அம்மலையிலே பிறந்து வளரும் பெண்ணுக்கு விண்ணில் ஏற வழி உண்டா? இதுவே நாம் இன்று தேசபக்தர்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் இம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கண்டு கேரள நாட்டவரென்று மயங்க வேண்டா, இவர்கள் பேசுவது தமிழ், இவர்கள் தமிழரே. சாமை விதைத்தும், புளியும் தேனும் பலாவும் கொண்டுவந்து சந்தையில் விற்றும் காலங்கழிப்பவர்கள். மழை பொய்த்த காலத்தில் கூலி தேடிச் சமவெளிக்கு இறங்குகிறார்கள். அவ்வாறு இறங்கியவர்களுக்கு நேர்ந்த கதியை நாடு மறந்திராது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றனர். அந்த இருபதின்மரில் ஜவ்வாது மலையினரும் இருந்தனர். அன்று கண்டனத் தீர்மானங்கள் பல நிறைவேறின. தீர்மானம் நிறைவேற்றியவர்களில் எத்தனை பேர் பின்னர் ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறினர் என்று நாம் கேட்கப் போவதில்லை. அவரவர் நெஞ்சே அவரவர்க்கு விடை கூறும்.

எனினும் அதே மலையிலிருந்து 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நற்செய்தியொன்று வந்தது. புலியூர் என்னும் மலைக் கிராமத்தைச் சேர்ந்த ஸ்ரீமதி ஸ்ரீபதி என்ற 23 வயதுப் பெண்மணி சிவில் ஜட்ஜ் பரீட்சையில் தேறி, தமிழ்நாட்டின் பழங்குடிப் பெண்களுள் முதல் சிவில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரசவமாகி இரண்டொரு நாளே ஆன நிலையில், 200 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணஞ் செய்து சென்னைக்கு வந்து பரீட்சை எழுதினார் அவர். வக்கீல் தொழிலில் பழகிய நாம் அப்பரீட்சையின் கடுமையை அறிவோம். நகரத்திலே பிறந்து, வீடு நிறையச் சட்டப் புஸ்தகங்களுடன் வளர்ந்த செல்வர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதில் தவறியிருக்கின்றனர். மலைப் பெண்ணுக்கு அறிவு போதாது, ஊக்கம் போதாது என்று எவரேனும் இனிச் சொல்வாராயின், ஸ்ரீபதி அம்மையார் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதியாசனத்தை நோக்கி நாம் விரல் நீட்டுவோம். குறை பெண்ணிடத்தில் இல்லை. ஏணியிடத்திலேதான் இருக்கிறது. சட்டத்துக்கு ஏணி உண்டு. அரசாங்கக் கலாசாலையில் அற்பச் சம்பளத்தில் அதனைப் படிக்கலாம். விமானத்துக்கோ ஏணியின் முதற்படியே அரைக்கோடி ரூபாய் உயரத்தில் இருக்கிறது.

முன் ஏறியவர்கள்

விமானம் ஓட்டுவது ஆண்மக்களின் தொழில் என்ற பழங்கொள்கை நம் நாட்டில் என்றோ வீழ்ந்துவிட்டது. 1936-ல் ஸ்ரீமதி சரளா துக்ரால், புடவையுடுத்திய கோலத்திலேயே, தனியே விமானம் ஓட்டி உரிமம் பெற்றார். நமது சென்னையைச் சேர்ந்தவரென்று நாம் உரிமை கொண்டாடத் தக்க ஸ்ரீமதி உஷா சுந்தரம் 1949-ல் பெங்களூர் அரசாங்க விமானப் பயிற்சிப் பள்ளியில் தேர்ந்து வெளிவந்தார். 1951-ல் அவரும் அவர் கணவர் காப்டன் சுந்தரமும் சென்னை சர்க்காருக்காக டவ் ரக விமானம் ஒன்றை லண்டனிலிருந்து பம்பாய் வரை 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தனர். 2016-ல் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூன்று மங்கையர் விமானப்படையில் போர் விமானிகளாக நியமனம் பெற்றனர். இன்று நம் தேசத்து விமானிகளில் நூற்றுக்குச் சுமார் பதினைவர் பெண்கள் என்றும், உலகச் சராசரி நூற்றுக்கு ஐவரே என்றும் மத்திய மந்திரி பார்லிமெண்டில் தெரிவித்திருக்கின்றார். அமெரிக்காவும் ஐரோப்பாவும் இவ்விஷயத்தில் நமக்குப் பின்னே நிற்கின்றன. இது பெருமையே.

ஆயினும் அந்தப் பதினைவர் யார் என்று விசாரித்தல் வேண்டும். சரளா துக்ரால் மணம் புரிந்தது விமானிகள் நிறைந்த ஒரு குடும்பத்தில். உஷா சுந்தரத்தின் கணவரே கைதேர்ந்த விமானி. வழிகாட்டி வீட்டிற்குள்ளேயே இருந்தார். விமானம் எட்டும் தூரத்தில் இருந்தது. அவ்வம்மையாரின் தீரத்தை இது எள்ளளவும் குறைப்பதன்று. தீரம் ஒன்று மட்டுமே போதாது என்பதையே இது காட்டுகிறது. தகப்பனார் பணமுள்ளவராகவோ, உறவினர் விமானியாகவோ இல்லாத பெண்ணுக்கு அந்த இரண்டையும் யார் கொடுப்பது?

ஒரிஸ்ஸாவின் மல்கான்கிரி ஜில்லாவைப் பாருங்கள். காடும் மலையும் சூழ்ந்து, பின்தங்கிய பிரதேசமென்று பெயரெடுத்த இடம். அங்கு ஒரு போலீஸ் சேவகரின் மகளாகப் பிறந்த பழங்குடிப் பெண் அனுப்பிரியா லக்ரா, 2012-ல் இஞ்சினீயரிங் படிப்பைக் கைவிட்டுப் புவனேசுவரத்தில் விமானப் பயிற்சியில் சேர்ந்தார். 2019-ல் விமானக் கம்பெனியொன்றில் துணை விமானியானார். இடையே கழிந்தவை ஏழு ஆண்டுகள். உற்றார் உறவினரிடம் கடன்பட்டே அக்குடும்பம் மகளைப் படிக்க வைத்தது. அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு தவணை தவறியிருந்தால், ஒரு உறவினர் கைவிரித்திருந்தால், அனுப்பிரியாவின் பெயரை நாம் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டோம். அவ்வாறு தவறிப்போன பெயர்கள் எத்தனையோ!

பத்திரிகாசிரியர் செய்த காரியம்

பத்திரிகைத் தொழில் செய்யும் நமக்குத் தனியே ஒரு பாடமும் உண்டு. அமெரிக்காவில் பெஸ்ஸி கோல்மன் என்ற நீக்ரோப் பெண்மணி சிகாகோ நகரில் நகம் திருத்தும் தொழில் செய்து வந்தார். விமானம் ஓட்டக் கற்க விரும்பினார். அவர் நிறத்தையும் பெண்மையையும் கண்டு அந்நாட்டுப் பள்ளிகள் கதவை அடைத்தன. அந்நகரத்தில் ‘சிகாகோ டிபெண்டர்’ என்ற பத்திரிகையை நடத்திய ராபர்ட் அப்பட் என்பவர், "பிரெஞ்சு பாஷையைக் கற்றுக்கொண்டு பிரான்சுக்குப் போ" என்ற கருத்தில் யோசனை கூறி, உதவியும் புரிந்தார். 1921 ஜூன் மாதத்தில் பெஸ்ஸி கோல்மன் சர்வதேச உரிமம் பெற்றுத் திரும்பினார். தம்மவர்க்கென ஒரு விமானப் பள்ளி காண விழைந்த அவர் 1926-ல் விபத்தில் மாண்டார். அவர் திறந்த வழி மூடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ஐதராபாத் பழைய நகரத்தில் ரொட்டிக் கிடங்குத் தொழிலாளி ஒருவரின் மகள் சல்வா பாத்திமா. ‘ஸியாசத்’ என்ற உருது தினசரியின் ஆதரவில் நடந்த நுழைவுப் பரீட்சை வகுப்பில் படித்துக் கொண்டிருந்த அப்பெண்ணிடம், "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்று பத்திரிகையின் ஆசிரியர் ஸாஹித் அலி கான் வினவினார். விமானி ஆக வேண்டுமென்றாள் அவள். கேட்டவர் நகைக்கவில்லை; 2007-ல் விமானப் பயிற்சிக் கழகத்தில் அவளைச் சேர்ப்பித்து, செலவுக்கும் வழி செய்தார். பறக்கவேண்டிய நேரமெல்லாம் பறந்து, 2013-ல் அவள் வர்த்தக விமானி உரிமம் பெற்றாள்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இந்த இடத்தைத் தேசபக்தர்கள் ஊன்றிக் கவனிக்குமாறு வேண்டுகிறோம். உரிமம் கையிலிருந்தும் வேலை கிடைக்கவில்லை. பல இயந்திர விமானம் ஓட்டும் தகுதியும், இன்ன ரகப் பெரிய விமானத்தை ஓட்டும் தனிப் பயிற்சியும் இன்றி எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளாது. அவற்றுக்கு மேலும் பல லட்சம் ரூபாய் வேண்டும். ரொட்டிக் கிடங்குத் தொழிலாளி எங்கே போவார்? பின்னர் தெலுங்கானா சர்க்கார் 35 லட்சம் ரூபாய்க்கு மேல் உதவிய பிறகே சல்வா பாத்திமா அந்தப் பயிற்சிகளை முடித்து, பிரயாணிகள் விமானத்தில் விமானியாக அமர்ந்தார். பாதி வழி ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொள்வது தருமமாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

எது தடுக்கிறது?

வர்த்தக விமானி உரிமத்துக்கு விதிகள் என்ன? பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகமும் கணிதமும் தேறியிருக்க வேண்டுமென்று நெடுங்காலமாக விதி இருந்து வந்தது; அதனைத் தளர்த்தலாமென்ற யோசனை 2025-ல் எழுந்தது. வைத்தியப் பரிசோதனையில் தேற வேண்டும். விமான விதிகள், மார்க்கம் அறிதல், வானிலை, இயந்திர நுட்பம் முதலிய பரீட்சைகளும் வானொலித் தொடர்புப் பரீட்சையும் உண்டு. அதன்மேல் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இந்த 200 மணி நேரமே பணத்தை விழுங்கும் பூதம். எஞ்சின் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் எண்ணெய்க்கும் ஆசிரியருக்கும் விமானத்துக்குமாகப் பணம் எரிகிறது. மொத்தத்தில் அரைக்கோடி ரூபாயை ஒட்டிய செலவு. பெரிய ரக விமானப் பயிற்சியையும் சேர்த்தால் முக்கால் கோடிக்கு அருகில் செல்லும்.

பாங்கிகள் கடன் தரலாமே என்பர். ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட படிப்புக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பது பாங்கிகளின் வழக்கம். மலைச் சரிவில் சாமை விளையும் இரண்டு ஏக்கரை எந்த பாங்கி அரைக்கோடிக்கு ஈடாகக் கொள்ளும்? சர்க்கார் உபகாரச் சம்பளம் இருக்கிறதே என்பர். தாழ்த்தப்பட்ட மாணவர்க்கென மத்திய சர்க்கார் வகுத்த உயர்தரக் கல்வித் திட்டத்தில், தனியார் விமானப் பயிற்சிக் கழகங்களுக்கு ஆண்டொன்றுக்கு 3.72 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு விதித்திருந்தனர். ஐம்பது லட்சம் ரூபாய் ஆழமுள்ள கிணற்றுக்கு அளந்து கொடுத்த கயிற்றின் நீளம் அது!

தனியார் முயற்சிகளையும் நாம் புறக்கணிக்கவில்லை. 1929-ல் அமெரிக்காவில் தொண்ணூற்றொன்பது பெண் விமானிகள் கூடி அமைத்த சங்கம், அந்த எண்ணையே பெயராகக் கொண்டு, அதன் முதல் தலைவி அமீலியா இயர்ஹார்ட் பெயரால் உபகாரச் சம்பளம் வழங்கி வருகிறது. 2024 ஜனவரியில் பெங்களூருக்கருகே பிரதம மந்திரி தொடங்கி வைத்த போயிங் கம்பெனியின் சுகன்யா திட்டம், 150 இடங்களில் சிறுமியருக்கு விஞ்ஞானப் பயிற்சிக் கூடங்களும், விமானிப் பயிற்சி பெறும் பெண்களுக்கு உதவித்தொகையும் அளிப்பதாக அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் எழுதவேண்டும். அப்படியொன்று உண்டென்று முதலில் தெரியவேண்டும். ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு குக்கிராமத்துச் சிறுமிக்கு யார் போய்ச் சொல்வது?

ஆட்சேபங்கள்

"சாமைக் கூழுக்கு வழி செய்யுங்கள், சாலை போடுங்கள், வைத்தியசாலை கட்டுங்கள், விமானம் அப்புறம் ஆகட்டும்" என்று நல்லெண்ணமுடைய அன்பர்களே சொல்லக்கூடும். சாலையும் வைத்தியசாலையும் உடனே வேண்டும். அதில் இரண்டாவது அபிப்பிராயம் நமக்கில்லை. ஆனால் செல்வர் வீட்டுப் பெண்ணிடத்தில் இவ்வாறு எவரும் சொல்வதில்லையே! நகரத்துத் தெருவெல்லாம் செப்பனிட்ட பிறகுதான் நகரத்துப் பிள்ளைகள் விமானம் ஏறலாமென்று எவரும் சட்டஞ் செய்யவில்லை. ஏழைக்கு மட்டும் கூழ் முந்தி, கனவு பிந்தி என்று வரிசை வகுப்பது, அவனை என்றும் கூழோடு நிறுத்திவைக்கும் தந்திரமாக முடியும்.

"ஒரு விமானிக்கு ஆகும் செலவில் நூறு பேரை ஆசிரியைகளாக்கலாமே" என்பது அடுத்த ஆட்சேபம். கணக்கு ஒருபுறம் சரியே. ஆயினும் நம் சர்க்கார் 2020-ல் அரசாங்கப் பள்ளி மாணவர்க்கு வைத்தியக் கலாசாலைகளில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கியபோது இக்கணக்கைப் பார்க்கவில்லை; அவர்கள் கல்விச் செலவையும் தானே ஏற்றது. கூலிக்காரர் பிள்ளை ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டியதும் அக்கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நாடே கண்டது. ஒரு ஸ்ரீபதி நீதிபதியானார். எத்தனை மலைச் சிறுமியர் இன்று சட்டப் படிப்பைப் பற்றிப் பேசுகின்றனரோ, அதனை எந்தக் கணக்கன் கூட்டிச் சொல்வான்?

செய்ய வேண்டுவது

முதலாவது, உதவி முழு உதவியாக இருத்தல் வேண்டும். பழங்குடிப் பெண்கள் ஐவரை ஆண்டுதோறும் தேர்ந்து, உரிமம் பெறுவது முதல் பெரிய ரக விமானப் பயிற்சி முடியும் வரை ஆகும் செலவு முழுவதையும் தமிழ்நாட்டு சர்க்கார் பயிற்சிக் கழகத்திற்கு நேரே செலுத்துதல் வேண்டும். முதலில் நீ கட்டு, பின்னர் ரசீது கொண்டு வா என்பது பணமுள்ளவனுக்குச் சொல்லத் தக்கது. ஒருத்திக்கு முக்கால் கோடி என்றே வைத்தாலும் ஐவருக்கு மூன்றே முக்கால் கோடி. ஒரு மேம்பாலத்தின் மூலைக்கல்லுக்கும் காணாத தொகை.

இரண்டாவது, ஆயத்தம் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். மலைப் பள்ளிகளில் பௌதிகத்துக்கும் கணிதத்துக்கும் ஆசிரியர் காலியிடம் இன்றி இருத்தல் வேண்டும். கண் பரிசோதனை அப்போதே நடைபெற வேண்டும். வைத்திய விதியால் முடியாதென்பது இருபது வயதில் தெரிவதைவிடப் பதினான்கில் தெரிவது நலம். வானத்தில் பேசப்படும் ஆங்கிலமும் கற்கத் தக்கதே. தமிழில் படித்த பெண் அதனையும் கற்றுத் தேறுவாள். அதற்கு அஞ்ச வேண்டா.

மூன்றாவது, குரு வேண்டும். இதனை நாம் எல்லாவற்றிலும் முக்கியமெனக் கருதுகிறோம். இம்மலையில் ஏகலைவன் பெயரால் மத்திய சர்க்காரின் உறைவிடப் பள்ளி இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் கதையை நினைவில் வைத்தார்களா என்பது நமக்கு விளங்கவில்லை. ஏகலைவனுக்குக் கல்வி மறுக்கப்பட்டது. தானே கற்றபோது கட்டைவிரலும் கேட்கப்பட்டது. அப்பெயரைச் சூடிய பள்ளிக்கு நாடு செய்யத்தக்க பிராயச்சித்தம், தேடிச்சென்று கற்பிக்கும் துரோணர்களை அனுப்புவதே. தமிழ்நாட்டில் பணி புரியும் பெண் விமானிகள் ஒவ்வொருவரும் மலைச் சிறுமி ஒருத்தியைத் தம் தங்கையாக வரித்துக்கொள்ளட்டும். மாதமொரு கடிதம், ஆண்டுக்கொருமுறை மலைக்கு ஒரு பிரயாணம், பரீட்சையில் தவறிய இரவில் "நானும் ஒருமுறை தவறினேன்" என்று சொல்ல ஒரு குரல், இவற்றின் விலையை எந்தப் பட்ஜெட்டிலும் எழுத முடியாது. உதவி பெற்று விமானியானவள், பின்னர் மற்றொருத்திக்குக் கைகொடுப்பதே அவள் திருப்பிச் செலுத்தும் கடனாக இருக்கட்டும்.

நான்காவது, பயிற்சி அருகில் நடைபெற வேண்டும். மலையடிவாரத்தை அடுத்த வேலூரில், அப்துல்லாபுரத்தில், பிரிட்டிஷார் காலத்து விமானத் தளம் இருக்கிறது. 2022-ல் விமான நிலைய ஆணையம் பயிற்சிக் கழகம் நடத்தத் தேர்ந்தெடுத்த இடங்களுள் நமது சேலமும் ஒன்று. பெண்ணை ரேபரேலிக்கோ அயல்நாட்டுக்கோ அனுப்ப அஞ்சும் பெற்றோர், சேலத்துக்கு அனுப்பத் துணிவர். அங்கே சில இடங்களை மலைப் பெண்களுக்கென ஒதுக்கக் கேட்பது பேராசையாகாது.

சர்க்காரையே எல்லாவற்றுக்கும் எதிர்பார்த்திருத்தல் சுதேசியத்துக்கு அழகன்று. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது, பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தை 25 ரூபாய்ப் பங்குகள் நாற்பதினாயிரமாகப் பிரித்தார். கப்பல் வாங்க ஒரு சீமானை மட்டும் நம்பவில்லை. பங்கு கொள்ளப் பலரையும் தேடினார். கடலில் நம் கொடி பறக்க அன்று சில்லறை சேர்த்த ஜாதியின் பேரப்பிள்ளைகள், ஒரு மலைமகள் வானில் பறக்கச் சில்லறை சேர்க்க மாட்டார்களா? ஊர்தோறும் உள்ள சங்கங்கள் ஒரு மாலைக்கும் ஒரு வரவேற்பு வளைவுக்கும் ஆகும் செலவை மிச்சப்படுத்தினாலே ஒருத்தியின் முதல் ஐம்பது மணி நேரத்துக்குப் போதும். நாமும் நமது பங்கைச் செலுத்தச் சித்தமாயிருக்கிறோம். முதலில் சட்டசபையில் ஒரு கேள்வி எழட்டும்: பழங்குடிப் பெண்களுள் எத்தனை பேருக்கு இதுவரை விமானிப் பயிற்சிக்கு முழு உதவி அளிக்கப்பட்டது? விடை பூஜ்யமாயின், அடுத்த பட்ஜெட்டில் அதனை ஐந்தாக்குக. அதுவரை இக்கேள்வியை நாம் விடப்போவதில்லை, வாசகர்களும் விடாதிருப்பார்களாக!